குடத்தைப் பார்த்துத் தண்ணீர் அள்ள விடலாமா?

வாசகர் கேள்வி – பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் ஒன்று மட்டும் நான்கு பக்கம். இங்கே உள்ள இடத்தில் பெரும்பங்கை அதுவே எடுத்துக்கொண்டது. மற்றவர்கள் கோபிக்க வேண்டாம்.

கேள்வி: ஐயா, நான் கணினி விஞ்ஞானம் படிக்கும் மாணவன். பாமினி எழுத்துருவில் அடித்த கோப்புகளை, எந்தக் கணினியும் தமிழாகவே அறியும் யுனிகோடுக்கு மாற்றும் ஒரு சிறிய நிரலை ஆறு மாதம் மினக்கெட்டு எழுதி முடித்திருக்கிறேன். எவரும் திருத்தவும் பகிரவும் விடும் ஜிபிஎல் என்ற கட்டற்ற மென்பொருள் உரிமத்தில் வெளியிட எண்ணம். ஆனால் ஒரு வரி கூடுதலாகச் சேர்க்க விருப்பம்: 'இந்த மென்பொருளைக் கட்டற்ற இயங்குதளங்களில் மட்டுமே பயன்படுத்தலாம்.' இங்கே எல்லாரும் கள்ள விண்டோசைப் போட்டுக்கொண்டு எங்கள் உழைப்பையும் சும்மா எடுக்கிறார்கள். நல்ல மென்பொருள் எல்லாம் விண்டோசிலும் ஓடினால் ஆர் கட்டற்ற இயங்குதளமான லினக்சுக்கு வருவார்கள்? நண்பர்கள் இது பிழை என்கிறார்கள். ஏன் என்று கேட்டால் ஒருவருக்கும் சொல்லத் தெரியவில்லை. – ஒரு மாணவன், கொக்குவில்

பதில்: தம்பி, 'பாமினி' என்ற சொல்லைக் கண்டதும் உமது கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். கஸ்தூரியார் வீதியில் கடை வைத்து எனக்கு இருபது வருடத்துக்கு மேல். பகலில் கணினி திருத்துவது, பின்னேரத்தில் ரைப்செற்றிங். கோயில் மலர், கலியாணக் காட், முப்பத்தோராம் நாளுக்குக் கொடுக்கிற கல்வெட்டு என்ற நினைவுப் புத்தகம், சனசமூக நிலைய ஆண்டறிக்கை எல்லாம் பாமினிதான். ஊரில் பாதிப் பேரின் குடும்ப வரலாறு என் பழைய வன்தட்டுகளில் கிடக்கிறது. ஆனால் ஒரு பெயரைத் தமிழில் தேடினால் அகப்படாது. நாங்கள் 'அம்மா' என்று அடித்தது கணினிக்கு எம், கே, அரைப்புள்ளி, கே, எச். பாமினி எழுத்துருவை எடுத்துவிட்டால் அதுதான் மிஞ்சும். ஆகவே உமது நிரல் எனக்கு நாளைக்கே வேண்டும்.

அந்தக் கூடுதல் வரியை மட்டும் எழுதாதேயும்.

முதலில் சட்டப்புத்தகச் சங்கதி. ரிச்சர்ட் ஸ்டால்மன் 1985இல் தொடங்கிய கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை, ஒரு மென்பொருளைக் கட்டற்றது என்று சொல்ல நான்கு சுதந்திரங்களைக் கேட்கிறது. இலக்கம் 1இல் அல்ல, 0இல் தொடங்குகிறது. கணினிக்காரர் பூச்சியத்திலிருந்து எண்ணுவார்கள், அதனால்தான் என்று நானும் கனகாலம் நினைத்திருந்தேன். அப்படியில்லை. 1990 அளவில் மூன்றுதான் இருந்தன: படித்துத் திருத்துவது, கொப்பி எடுத்துக் கொடுப்பது, திருத்தியதை வெளியிடுவது. இவைக்கெல்லாம் முந்திய ஒன்று, அதாவது நிரலை எந்த நோக்கத்துக்கும் ஓட்டுவது, தனியாக எழுதப்படவே இல்லை என்று பிறகுதான் உறைத்தது. இலக்கங்களை மாற்றி எழுதப் பஞ்சிப்பட்டு அதை 0 ஆக்கி முன்னால் வைத்தார்கள். நீர் எழுத நினைக்கும் வரி நேரே போய் அந்த 0இல்தான் கை வைக்கிறது. அது போனால் உமது நிரல் கட்டற்ற மென்பொருள் அல்ல. கட்டற்ற மென்பொருளை வளர்க்க நினைத்து எழுதிய வரியே அதைக் கட்டற்றதாக இல்லாமல் ஆக்கிவிடும். இதே வகை மென்பொருளுக்கு வேறொரு அமைப்பு வகுத்த திறந்த மூல வரையறையின் பத்தாவது விதியும் ஏதோ ஒரு தொழினுட்பத்தில் உரிமத்தைக் கட்டி வைக்காதே என்றுதான் சொல்கிறது.

அடுத்தது, ஜிபிஎல்லோடு அந்த வரி ஒட்டாது. 2007இல் வந்த மூன்றாம் பதிப்பை எடுத்து ஏழாம் பிரிவைப் பாரும். உரிமத்தோடு ஒருவர் மேலதிகக் கட்டுப்பாடு ஒன்றைச் சேர்த்துக் கொடுத்தால், வாங்கியவர் அந்தக் கட்டுப்பாட்டை நீக்கிவிடலாம் என்று எழுதியிருக்கிறார்கள். இரவிரவாக யோசித்து நீர் எழுதும் வரியை அடுத்த நாள் காலையில் ஒருவர் அழித்துவிட்டு, உரிமமே அனுமதிக்கிறது என்று காட்டுவார். வேறு ஆருடையதாவது ஜிபிஎல் நிரற்துண்டை நீர் உள்ளே சேர்த்திருந்தால், அந்த வரியைச் சேர்க்கும் உரிமையே உமக்கு இல்லை.

இப்படி ஒரு கூடுதல் வரி முன்பும் இருந்தது, அதுவும் லினக்சிலேயே. 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்சின் கருவை, அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதியை, வெளியிட்டபோது, அதைக் கொடுப்பதற்குக் காசு வாங்கக்கூடாது என்று நிபந்தனை போட்டிருந்தார். கேட்க நல்ல எண்ணம்தான். ஆனால் நெகிழ்வட்டில் கொப்பி அடித்துக் கொடுப்பவர் வட்டின் விலையைக்கூட வாங்க முடியாமல் நின்றார். 1992இல் அந்த நிபந்தனையை எடுத்துவிட்டு ஜிபிஎல்லுக்கு வந்தார்.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று. ஸ்டால்மனும் கூட்டாளிகளும் ஈமாக்ஸ் (உரை எழுதும் நிரல்), ஜிசிசி (மனிதர் எழுதிய மூலநிரலைக் கணினி ஓட்டக்கூடிய வடிவத்துக்குத் தொகுக்கும் நிரல்) போன்றவற்றை எழுதிய 1980களில் முழுதாகக் கட்டற்ற இயங்குதளம் ஒன்று கிடையாது. ஜிசிசி வந்தது 1987இல், லினக்ஸ் கரு 1991இல். இடைப்பட்ட காலத்தில் அந்த நிரல்கள் ஓடியது எல்லாம் உரிமைக்காரர் இருந்த யுனிக்ஸ் இயங்குதளப் பெட்டிகளில்தான். உமது வரி அன்றைக்கு அந்த உரிமத்தில் இருந்திருந்தால் ஜிசிசியை ஓட்டிப் பார்க்கச் சட்டப்படி ஒரு கணினி இருந்திருக்காது. லினக்சைத் தொகுத்ததே ஜிசிசியால்தான். கட்டற்ற வீட்டைப் பூட்டுள்ள வளவுக்குள் நின்றுதான் கட்டினார்கள், தம்பி.

சரி, இன்னொன்று கேட்கிறேன். 'கட்டற்ற இயங்குதளம்' எது? (பள்ளிக்கூடப் புத்தகம் இதைப் பணிசெயல் முறைமை என்கிறது. எனக்கு அது வாயில் வராது.) நீர் உபுண்டு என்ற லினக்ஸ் வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர். உபுண்டுவையோ அதன் மூலமான டெபியனையோ கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை, கட்டற்ற தளங்களுக்கான தன் பரிந்துரைப் பட்டியலில் சேர்ப்பதில்லை. உமது மடிக்கணினியின் வைபைக்கு மூலநிரல் இல்லாத டிரைவர் ஒன்று ஓடிக்கொண்டிருந்தாலும் நான் ஆச்சரியப்பட மாட்டேன். அப்படியானால் உமது உரிமத்தை மீறும் முதல் ஆள் நீர்தான். விண்டோசுக்குள்ளேயே லினக்சை ஓட்டும் வசதியை மைக்ரோசொப்ட் 2016இல் கொடுத்துவிட்டது. அதற்குள் உமது நிரலை ஓட்டினால் கணக்கு என்ன? விண்டோஸ் நிரல்களை ஓட்டவென்றே எழுதிய ரியாக்ட்ஓஎஸ் என்ற இயங்குதளம் முழுக்கக் கட்டற்றது. அது சரியா, பிழையா? ஒரு வரி எழுதி ஒன்பது வழக்குக்கு வழி வைக்கிறீர்.

இனி உமது கோபத்துக்கு வருகிறேன். கள்ளக் கொப்பி போடுகிறவன் மைக்ரோசொப்டின் உரிமத்தையே வாசிக்கவில்லை. இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தில் கணினி நிரலுக்கும் பாதுகாப்பு இருக்கிறது என்றாலும் அவன் சிரிப்பான். அவனா உம்முடைய ஒற்றை வரியை வாசிக்கப் போகிறான்? வாசித்து அடங்குகிறவர் வேறு ஆள். காசு கொடுத்து வாங்கிய விண்டோசில் பள்ளிக்கூட அறிக்கை அடிக்கிற ரீச்சர் 'எனக்கு அனுமதி இல்லையாம்' என்று உமது நிரலை மூடி வைத்துவிட்டு, பழையபடி கையால் திரும்ப அடிப்பார். உமக்கு ஆரில் கோபம், அகப்படுவது ஆர் என்று பாரும்.

இதை எழுதும்போது எனக்கே கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. ஏனென்றால் உமது வயதில் அல்ல, நாற்பது தாண்டிய பிறகு நானும் இதே வேலையைச் செய்தேன். 2009இல் ஒரு சனசமூக நிலையத்தில், பெயர் சொல்ல மாட்டேன், ஒற்றைக் கணினி வைரசால் செத்துக் கிடந்தது. காசு வேண்டாம் என்று சொல்லிக்கொண்டு போய், விண்டோசை ஒட்டத் துடைத்து உபுண்டு போட்டுவிட்டு வந்தேன். பெரிய புண்ணியம் செய்த நினைப்பு. இரண்டாம் நாள் செயலாளர் சைக்கிளில் வந்து இறங்கினார். பத்து வருடக் கூட்டக் குறிப்பு முழுக்க ஆங்கிலக் கிறுக்கலாகத் தெரிகிறது என்றார். பாமினி எழுத்துருவைப் போட மறந்துவிட்டேன். அதைப் போய்ச் சரிசெய்தால், அவர்களிடம் இருந்த மலிவுப் பிரின்ரருக்கு லினக்சில் டிரைவரே இல்லை. பொதுக்கூட்டம் அடுத்த ஞாயிறு. மூன்று கிழமைக்குள் ஒரு பொடியன் கள்ள சிடியோடு வந்து எல்லாவற்றையும் பழையபடி ஆக்கிவிட்டுப் போனான். செயலாளர் என்னைத் திட்டவில்லை. 'நீங்கள் நல்லதுக்குத்தான் செய்தீங்கள்' என்றார். அது திட்டியதைவிட மோசம்.

ஒரு வருடம் கழித்துத் திரும்பப் போனேன். இந்த முறை விண்டோசைத் தொடவில்லை. ஓபன் ஓபிசும் பயர்பொக்சும் மட்டும் போட்டேன். கூட்டக் குறிப்பு மெல்ல மெல்ல அதில் அடிபடத் தொடங்கியது. பிரின்ரர் பழுதானபோது லினக்சுக்குப் பொருந்துகிறதைப் பார்த்து வாங்கச் சொன்னேன். அதன் பிறகு அடியில் இருந்த இயங்குதளத்தை மாற்றினேன். செயலாளர் கண்டது ஒன்றுதான்: 'ஐயா, திறக்கிற படம் மாறிப்போச்சு.' விண்டோசில் ஓடிய அந்தக் கட்டற்ற மென்பொருள் இல்லாவிட்டால் எனக்கு அந்தப் படலை திறந்திருக்காது.

நல்ல மென்பொருள் விண்டோசிலும் கிடைப்பதால் சிலர் அங்கேயே தங்கிவிடுகிறார்கள் என்பது உண்மைதான். அதை மறுக்கமாட்டேன், எனக்குத் தெரிந்த பாதிப் பேர் அப்படித்தான். ஆனால் எங்கள் ஊரில் பொதுவாக வெட்டிய கிணற்றுக் கட்டிலும் நின்று, ஆருடைய வாளி உள்ளே இறங்கலாம், ஆருடையது இறங்கக்கூடாது என்று தீர்மானித்த காலம் இருந்தது. தண்ணீரின் நன்மைக்காகவே செய்கிறோம் என்று அன்றைக்கும் ஒரு நியாயம் சொன்னார்கள். குடத்தைப் பார்த்துத் தண்ணீர் விடுகிற பழக்கம் எந்தப் பெயரில் வந்தாலும் எனக்குப் பிடிப்பதில்லை. இது என் குணம், சட்டம் அல்ல.

அப்படியென்றால் உம்மால் ஒன்றும் செய்ய ஏலாதா? ஏலும். விண்டோசுக்கு நீர் தொகுத்துக் கொடுக்காமல் விடலாம். அது உமது நேரம், உமது விருப்பம், உரிமம் ஒன்றும் சொல்லாது. நோர்வேயின் ட்ரோல்டெக் நிறுவனம் இதைச் செய்தது. லினக்சின் கேடிஈ திரைமுகப்பை எழுதப் பயன்பட்ட கியூட்டி நிரல் நூலகத்தின் லினக்ஸ், யுனிக்ஸ் வடிவத்தை 2000இல் ஜிபிஎல்லில் விட்டது. விண்டோஸ் வடிவம் மட்டும் காசுக்கு. உரிமத்தில் தடை எதுவும் எழுதவில்லை, விண்டோஸ் பகுதியை ஜிபிஎல்லில் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். கடைசியில் தன்னார்வலர்கள் சிலர் கட்டற்ற வடிவத்தையே எடுத்துத் தாங்களாக விண்டோசுக்குப் பெயர்த்தார்கள். ஜிபிஎல் அதற்கு இடம் கொடுத்தது. 2005இல் நான்காம் பதிப்போடு நிறுவனமே விண்டோஸ் வடிவத்தையும் ஜிபிஎல்லில் விட்டது.

ஈமாக்ஸ்காரரின் வழி எனக்கு இன்னும் பிடிக்கும். கட்டற்ற தளத்தில் இல்லாத வசதி வேறு தளத்தில் மட்டும் இருக்கக்கூடாது என்பது அவர்கள் கொள்கை. 2016இல் வந்த 25ஆம் பதிப்பில், மாக்கில் வேலை செய்துகொண்டிருந்த வண்ண எமோஜியை வேண்டுமென்றே நிறுத்தி வைத்தார்கள். லினக்சில் அந்த வசதி வரும்வரை பொறுங்கள் என்பதுதான் பொருள். மாக்காரர் கொதித்தார்கள். ஆனால் ஒருவரையும் ஓட்டாதே என்று சொல்லவில்லை. மூலநிரல் கையில் இருந்ததால் விரும்பியவர் அந்த வசதியைத் திரும்பச் சேர்த்துத் தாங்களே தொகுத்துக்கொள்ளலாம். நீரும் புதிய வசதிகளை முதலில் லினக்சில் விடும். முகப்பில் ஏன் லினக்சை விரும்புகிறீர் என்று நாலு வரி எழுதும். வழிகாட்டியை லினக்சுக்கு மட்டும் வடிவாக எழுதும், விண்டோசுக்கு ஒரு பந்தி போதும். மூலத்தை மறைத்து விற்கவும் விடும் எம்ஐடி உரிமத்துக்குப் போகாமல் ஜிபிஎல்லிலேயே நில்லும். ஒருவன் உமது நிரலைத் திருத்தி மூலம் கொடுக்காமல் விற்பதைத் தடுப்பது அதுதான். உமது கோபத்தில் நியாயமான பாதிக்கு அதில் இடம் இருக்கிறது.

கேள்வி: பள்ளிக்கூடத்தில் விண்டோஸ் கணினிகளில் லிப்ரே ஓபிஸ் போட்டுப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறேன். கட்டற்ற மென்பொருள் ஆர்வலர் ஒருவர் இது அரைகுறை வேலை என்கிறார். விட்டுவிடவா? – ஓர் ஆசிரியை, சுன்னாகம்

பதில்: விடவேண்டாம் ரீச்சர். மேலே ஒரு பொதுக்கூட்டக் கதை சொன்னேனே, அந்த ஆர்வலரிடம் அதை வாசிக்கக் கொடுங்கள். ஆனால் ஒன்று. விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஓடு முடிந்தது. பள்ளிக்கூடங்களில் இருக்கும் பழைய பெட்டிகளில் பலவற்றை விண்டோஸ் 11 ஏற்காது, ரிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு கேட்கும். அப்படி நிற்கிற ஒரு பெட்டியில் மட்டும் லினக்ஸ் மின்ட் போட்டு வகுப்பின் மூலையில் வையுங்கள். பிள்ளைகள் தாங்களாகப் போய்க் குடைவார்கள். லிப்ரே ஓபிஸ் ஏற்கெனவே பழகியிருப்பதால் பயம் வராது. பிரின்ரரை மட்டும் முதலே சோதித்துப் பாருங்கள்!

கேள்வி: இலவச மென்பொருளும் கட்டற்ற மென்பொருளும் ஒன்றா? – பருத்தித்துறை வாசகர்

பதில்: இல்லை. அடோபி ரீடர் இலவசம், மூலநிரல் கிடைக்காது, கட்டற்றதல்ல. இ-கலப்பை ஜிபிஎல்லில் வந்தது, கட்டற்றது, விண்டோசில் தமிழ் எழுதவென்றே செய்தது. கொக்குவில் தம்பியின் வரியை அதற்குப் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். எனக்கு யுனிகோட் அடிக்கக் கை பழகியதே அதில்தான்.

கேள்வி: இயங்குதளத்தை விடுங்கள். 'நல்ல காரியத்துக்கு மட்டும் பயன்படுத்தவும்' என்று உரிமத்தில் எழுதினால் ஆர் மறுப்பார்? – மானிப்பாய் வாசகர்

பதில்: டெபியன் மறுத்தது. ஜேசன் உரிமம் என்று ஒன்று, டக்ளஸ் கிரொக்போர்ட் என்ற நிரலாளர் எழுதியது. மென்பொருளை நன்மைக்குத்தான் பயன்படுத்த வேண்டும், தீமைக்கு அல்ல என்று அதில் ஒரு வரி. டெபியனும் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையும் இது கட்டற்ற உரிமம் அல்ல என்றன. அப்பாச்சி மென்பொருள் அறக்கட்டளையும் 2016இல் தன் திட்டங்களில் இதைச் சேர்க்க வேண்டாம் என்றது. நன்மை எது என்று தீர்ப்பது ஆர்? ஐபிஎம் வழக்கறிஞர் ஒருவர் இதற்காக அனுமதி கேட்டு எழுதியதாகக் கிரொக்போர்ட் ஒரு பேச்சில் சொல்லிச் சிரித்திருக்கிறார். அவரும் கொடுத்தாராம்: ஐபிஎம்மும் அதன் வாடிக்கையாளரும் எடுபிடிகளும் தீமைக்குப் பயன்படுத்தலாம் என்று! பகிடி நல்லது. ஆனால் பகிடியை உரிமத்தில் எழுதினால் வழக்கறிஞர் அதை மெய்யாகத்தான் வாசிப்பார்.

அங்கிருந்தும் இங்கிருந்தும் நல்ல எண்ணத்தோடு வரும் இப்படியான நிபந்தனைகளை எல்லாம் ஏற்றுக்கொண்டால், ஒரு லினக்ஸ் சிடியில் இருக்கும் ஆயிரக்கணக்கான நிரல்களுக்கும் ஆயிரக்கணக்கான 'கூடாது' வந்து சேரும். கோயில் திருவிழாவுக்கு அதில் நோட்டீஸ் அடிக்க முன்னம் எல்லாவற்றையும் வாசித்து முடிக்க வேண்டும்.

கேள்வி: ஊருக்கு உபதேசம் இருக்கட்டும். உங்கள் கடையில் விண்டோஸ் இருக்கிறதா, இல்லையா? – பெயர் வேண்டாம், கோப்பாய்

பதில்: ஓம், இருக்கிறது, காசு கொடுத்து வாங்கியது. கடையில் இரண்டு கணினி. நான் இருக்கும் மேசையில் டெபியன். உள்ளே மின்விசிறிக்குக் கீழே உள்ளதில் விண்டோஸ், ஏனென்றால் பழைய காட், கல்வெட்டு எல்லாம் பேஜ்மேக்கரிலும் கோரல் ட்ரோவிலும் கிடக்கின்றன. போன வருடம் ஒரு வீட்டுக்காரர் தகப்பனின் கல்வெட்டைத் திரும்ப அடிக்கக் கேட்டு வந்தபோது அதைத் திறக்க அந்தப் பெட்டியால் மட்டும்தான் முடிந்தது. கொக்குவில் தம்பியின் நிரல் வந்ததும் முதலில் ஓடப்போவதும் அதில்தான். அவர் அந்த வரியை எழுதாவிட்டால்.